ஆறு மணி கோல்

அரியலூர் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த என் கணவருக்கு,

எங்கள் ஊர் இறுதி ஆட்டத்தில் எப்படித் தோற்றது என்று ஊரெல்லாம் பெருமை பேசுங்கள், என்னிடம் வேண்டாம். ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடித்தது. எப்போதும்போல எங்கள் பையன்கள் ஆடிய இடத்திலேயே நின்று சிலுவை போட்டு ஜெபம் சொன்னார்கள். கோல்கீப்பர் என் தம்பி கிளமெண்ட், கண்ணை மூடியிருந்தான். நீங்கள் பந்தை உள்ளே உருட்டிவிட்டீர்கள்.

"ரெஃப்ரி விசில் ஊதலையே, நான் ஏன் நிக்கணும்?" என்றீர்களாம். கல்யாணத்துக்கு முன் ஏலாக்குறிச்சி ரோட்டில் இதே மணிக்கு பைக்கை நிறுத்தி, "உன் சாமி எனக்கும் சாமிதான்" என்றது யார்?

நமக்குப் பிறந்த பிள்ளையைப் பார்க்க இங்கே என் அம்மா வீட்டுக்கு வருவதானால் ஆறு மணிக்கு வாருங்கள். மணி அடித்து முடியும்வரை வாசலில் அசையாமல் நில்லுங்கள். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று கிளமெண்ட் சொல்வான்.

இப்படிக்கு,
கோல்கீப்பரின் அக்கா