ஜெயம்மா வீட்டு மரம் செய்த தப்பு

பிச்சாட்டூர்,
கார்த்திகை மாதம், திங்கட்கிழமை.

குவைத்து தேசத்தில் ஒரு மாளிகையையே துடைத்துப் பளபளக்க வைக்கும் என் சம்சாரம் வசந்தாவுக்கு, ஆட்டோ முனிரத்தினம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் பெண்ணும் ஆட்டோவும் சுகம். மூன்று பேரில் ஆட்டோவுக்குத்தான் கொஞ்சம் இருமல். உன் சுகத்துக்கு எழுது.

போன் இருக்கும்போது இந்த ஆளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நம் பெண் பவ்யா மடியில் ஏறி உட்கார்ந்து கேட்கிறாள். மெசேஜ் போட்டால் படித்துவிடுகிறாள். தெலுங்கில் போட்டாலும் தப்பவில்லை, தமிழில் போட்டாலும் தப்பவில்லை. நான் மூன்றாம் வகுப்பில் விட்டதை அவள் அங்கன்வாடியிலேயே பிடித்துவிட்டாள். அதனால் அவள் அங்கே இருக்கிற நேரம் பார்த்து, ஸ்டாண்டில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் தெரு அப்பாவு லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புவேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நீயும் ஐந்தாவதுதான்.

மழை நன்றாகப் பெய்கிறது. அணையில் தண்ணீர் விளிம்பு வரை நிற்கிறது. கூரையில் ஒழுகிய இடத்துக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டேன்.

உன் பெண் புராணம் சொல்கிறேன். இப்போது அவள் என் ஆட்டோவில் கண்டக்டர். புத்தூர் போகும்போது முன்னால் போகிற ஆந்திரா பஸ் போர்டையும், ஊத்துக்கோட்டைக்குப் போக எதிரே வருகிற தமிழ்நாட்டு பஸ் போர்டையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டு வருகிறாள். எட்டாம் வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்கிறாள். உரக்கடை நாகையா, தன் பேத்தி கல்யாணம் மாசி மாதம் இன்ன தேதி என்றார். அன்னிக்கு வியாழக்கிழமை என்று இவள் சொல்லிவிட்டாள். காலண்டரைப் பார்த்தால் வியாழக்கிழமைதான். பக்கத்து வீட்டு ஜெயம்மா உடனே உப்பு மிளகாய் எடுத்துச் சுற்றிப் போட்டார். ஏழு மிளகாய்க்கு இவ்ளோ நெடின்னா பதினாலு போட்டா ரெண்டு பங்கு வருமா என்று கேட்டாள். ஜெயம்மா மறுபடியும் உள்ளே போய் மிளகாய் எடுத்து வந்தார்.

எனக்கும் பெருமைதான் வசந்தா. ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம், இன்னா தேதி வேணும் கேளுங்க, கிழமை சொல்லும் என்று நான்தான் அவளை வைத்துக் கடை பரப்பினேன். ஒருநாள் அவளே, நைனா, நான் இன்னிக்கி சும்மா வரட்டா என்று கேட்டாள். அன்றோடு விட்டுவிட்டேன்.

நீ சொன்னபடி திருப்பதிக்கு அழைத்துப் போனேன். ஹாஸ்டல் பள்ளிக்கூடம் பெரிதாகத்தான் இருக்கிறது. நல்ல மேடம். ஒரு மணி நேரம் பரீட்சை வைத்தார். இவள் கால் ஆட்டிக்கொண்டே எல்லாம் சொன்னாள். வர்ற ஜூன்ல நேரா ரெண்டாங் கிளாஸ்ல உட்கார வைக்கலாம் என்று மேடம் சொல்லும்போது எனக்குச் சட்டைப் பொத்தான் இறுகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் உன் மகாராணி பாத்ரூமுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, நைனா, ஆயிடுச்சு, வந்து கழுவி வுடு என்று குரல். எட்டாம் வாய்ப்பாட்டுக்காரி. நான் ஓடினேன்.

திரும்பி வந்ததும் மேடத்தைப் பார்த்து, இங்க யார் கழுவி வுடுவாங்க என்று கேட்டாள். அதுக்கு ஆயாம்மா இருக்காங்க தங்கம் என்றார். எத்தினி பிள்ளைங்களுக்கு என்று கேட்டாள். நாற்பது பேருக்கு என்றார். இவள் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, நாப்பது பேருன்னா என் முறை வரத்துக்குள்ள காஞ்சிடும் நைனா என்றாள். மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வருகிற வழியெல்லாம் சிரிப்பு வரவில்லை.

சீட்டு இருக்கிறது, தை முடிவதற்குள் பதில் சொல்லுங்கள் என்றார்கள். உன் வீட்டு மேடமும் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார் என்றாய். ஹாஸ்டலுக்காகக் கையெழுத்துப் போடப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் ம் கொட்டினேன். அந்த ம்-ஐ இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், கோபிக்காதே.

போன வருஷம் ஆவணியில் நீ கிளம்பின அன்றைக்கு, அம்மா எப்ப வரும் என்று அழுதாள். அப்போது தேதி தெரியாத வயது. மாங்கா ரெண்டு தரம் காய்ச்சிப் போச்சுன்னா அம்மா வந்துடும் என்று சொல்லி வைத்தேன். நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம். முதல் காய்ப்பு இந்தக் கோடையில் போனது. அடுத்த கோடை வந்தால் சரியாக இரண்டு. ஜெயம்மா வீட்டுப் பின்னால் இருக்கிற புனாச மாமரத்தை நான் மறந்தேபோனேன். அது ஊர் மரமெல்லாம் தூங்கும்போது காய்க்கிற கிறுக்கு மரம். போன வருஷம் ஒன்றும் இல்லை, இந்த ஐப்பசியில் கொத்துக் கொத்தாக விட்டிருக்கிறது. போன புதன்கிழமை ஜெயம்மா கடைசிக் காய்களையும் பறித்துவிட்டு, இவள் கையில் ஒன்று கொடுத்திருக்கிறார்.

அவ்வளவுதான், இவள் கணக்கில் இரண்டு காய்ப்பும் முடிந்துபோனது. நான் புத்தூர் சவாரியில் இருக்கிறேன். ஜெயம்மா அடுப்பைப் பார்க்க உள்ளே போயிருக்கிறார். இவள் நீ விட்டுப்போன பச்சைச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள். நான் திரும்பி வரும்போது மழைத் தூறலில், புளியமரத்துக் கீழே பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆட்டோவை நடு ரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்துச் சமாளித்திருப்பேன். பதினோரு பஸ் வந்துச்சு நைனா, எல்லாப் போர்டும் படிச்சேன், ஒன்னுலயும் அம்மா எறங்கல என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, நீ சொன்னது தப்பா, நான் எண்ணுனது தப்பா என்று கேட்டாள்.

மரம் பண்ண தப்பு என்றேன். வேறு என்ன சொல்வது. வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் அந்த மரத்தைத் திட்டினாள். ஜெயம்மாவும் அவளோடு சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டினார், மனுஷிக்கு நல்ல மனசு. பிறகு என்னிடம் வந்து, இதச் சேக்க வாணாம், கோடையில வர்றதுதான் கணக்கு, சரியா என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது என் தப்புதான்.

படிப்புக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. அங்கன்வாடி ஸ்ரீதேவி டீச்சர் தன் பையனின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தையெல்லாம் கொடுத்திருக்கிறார். ஜூனில் புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, தினமும் நானே கொண்டுபோய் விட்டு அழைத்து வருகிறேன். அவள் அறிவு எங்கும் ஓடிப்போகாது. பெரிய கிளாஸில் உட்கார அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. தலைக்குள் இருக்கிறவளுக்கு எட்டு வயது, தூங்கும்போது என் காதைப் பிடித்துக்கொள்கிறவளுக்கு இன்னும் ஐந்துகூட முடியவில்லை. இரண்டு பேரையும் சேர்த்து வளர்க்க நான் ஒரு ஆள் போதவில்லை.

எனக்கென்று ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் துன்னுகிறேன். என் குழம்பை ருசி பார்த்துவிட்டுத் தெரு நாய் நம் வீட்டை விட்டுப் போய்விட்டது, அது ஒன்றுதான் குறை.

வேளைக்குச் சாப்பிடு. வெந்நீரில் கை வைத்துப் புண்ணாக்கிக்கொள்ளாதே. திருத்தணி முருகன் உன் கூடவே இருக்கட்டும். அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை இன்னொரு தரம் படி.

பச்சைச் செருப்பைக் கழுவி வாசலில் வைத்திருக்கிறாள். யாரும் தொடக் கூடாதாம். தினமும் காலையில் அதில் கால் வைத்து அளக்கிறாள். இன்னும் நாலு விரல் காலி இருக்கிறது. அது நிறைவதற்குள் வந்துவிடு வசந்தா.

இப்படிக்கு,
கோடையை எதிர்பார்த்திருக்கும் உன்
முனிரத்தினம்