தலை உன்னுடையது

கழக்கூட்டம்,
திருவனந்தபுரம்.
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி பிரவின்ராஜுக்கு,

உன் நலம் கேட்பதற்கு முன்னால் என் நலத்தைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு இப்போது அதில்தானே சந்தேகம். எனக்குப் புற்றுநோய் இல்லை. சளிகூட இல்லை. நேற்று ராத்திரி மூன்று தோசை சாப்பிட்டேன். நாலாவதை அம்மா தட்டில் போட்டபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் தலை மொட்டையானதற்குக் காரணம் மருந்து இல்லை, திருச்செந்தூர்.

வியாழக்கிழமை நீ போன் செய்தபோது இதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. பதினோரு மாதம் கழித்து உன் குரல் கேட்கிறது, அதுவும் அழுகிற குரல். "அக்கா, உனக்கு என்ன, மறைக்காம சொல்லு" என்று நீ கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். உடனே வாய்க்கு வந்தபடி திட்டினாய். அவசரமாகப் போட்ட விமான டிக்கெட்டை ரத்து செய்யப்போவதாகச் சொல்லி வைத்துவிட்டாய். அரை மணி கழித்து ஒரு வரி அனுப்பினாய்: எதற்காகச் செய்தாய் என்று முழுசாக எழுது, பேசினால் சண்டைதான் வரும் என்று. வாட்ஸ்அப்பில் எழுதினால் நான் பாதி எழுதும்போதே நீ பதில் போட ஆரம்பித்துவிடுவாய். தபாலில் உனக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மஹேஷைத் திட்டாதே. அவன் உன்னோடு காலேஜில் படித்தவன், எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்துக் கட்டிடத்தில்தான் வேலை செய்கிறான். கேட்டில் என்னை இந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு உனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். அவன் மட்டும் இல்லை, என் ஆபீஸ் முழுக்க அப்படித்தான் நினைத்திருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் ஒரு பெண் மொட்டைத் தலையோடு பஸ்ஸில் ஏறினால், பழனியா திருச்செந்தூரா என்று கேட்பார்கள். இங்கே மலையாளிகளுக்கு அந்தப் பழக்கம் குறைவு. பொம்பிளை தலையில் முடி இல்லை என்றால் அவர்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்.

எனக்கு அது உறைக்கவே மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் என் மேஜையில் மாதுளை ஜூஸ் இருந்தது. இரண்டாம் நாள் பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். மேலதிகாரி ஸ்மிதா என் வேலையில் பாதியை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். வருஷக் கணக்காக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத ஆர்ஷா, காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறாள். உலகமே திடீரென்று நல்லதாகிவிட்டது என்று நானும் அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஸ்மிதா என்னைத் தனியறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். ஆஸ்பத்திரி இல்லை சேச்சி, கோயில், என் தம்பிக்காக நேர்ந்த முடி என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பிராந்தாணெங்கிலும் சாரமில்ல, அசுகமில்லல்லோ" என்றார். பைத்தியமாக இருந்தாலும் பரவாயில்லை, நோய் இல்லையே என்கிறார். எனக்கு வைத்திருந்த ஜூஸை அவரே எடுத்துக் குடித்தார்.

ஆனால் விடவில்லை. அவர் கம்யூனிஸ்ட் கட்சிக் குடும்பம், கல்யாணமே ரிஜிஸ்டர் ஆபீஸில் முடித்தவர். நீ கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார். மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தது டாக்டர், ரத்தம் கொடுத்தது முகம் தெரியாத நாலு பேர், இதில் முருகன் எங்கே வந்தார் என்று.

டாக்டர் கைக்குள் இருந்து நடத்தியதே அவர்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. போன வருஷம் உன்னிடம் அப்படித்தான் சொன்னேன். இந்தத் தடவை சொல்ல முடியவில்லை. இதை நீ அறியமாட்டாய், உன்னிடம் நான் சொன்னதில்லை. பைபாஸில் உன் பைக்கை லாரி இடித்த அன்றைக்கு, உனக்கு அடுத்த கட்டிலுக்கு இன்னொரு பையனையும் கொண்டுவந்தார்கள். நெய்யாற்றின்கரைப் பையன். அவனுடைய அம்மாவும் என் பக்கத்தில்தான் நின்றாள், என்னைவிட அதிகமாக வேண்டிக்கொண்டாள். விடிவதற்குள் அவன் போய்விட்டான். முருகன் உன்னைப் பார்த்தார், அவனைப் பார்க்கவில்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

அப்படியானால் எதைத்தான் நம்புகிறாய் என்று நீ கேட்பாய். ஸ்மிதாவிடம் தட்டுத் தடுமாறிச் சொன்னதை உனக்கு நிதானமாக எழுதுகிறேன். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஐந்து மணி நேரம் நின்றேன். டாக்டருக்கு வேலை இருந்தது, நர்ஸுகளுக்கு வேலை இருந்தது, அப்பா ரத்தத்துக்கு ஓடினார், அம்மா மயங்கி விழுந்துகொண்டிருந்தாள், அதுவும் ஒரு வேலைதான். எனக்கு ஒன்றுமே இல்லை. என் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. யாரிடமாவது கெஞ்சியாக வேண்டும் போல இருந்தது. கெஞ்சினேன். அந்த வராந்தாவில் நான் தனியாக இல்லை என்று அப்போது தோன்றியது. இவ்வளவுதான் என் பக்தி. கேட்டுக்கொண்டிருந்த ஆள் உண்டு என்பதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் நான் கெஞ்சியது நிஜம். அவசரத்துக்கு ஒருவரிடம் ஓடிப்போய் நின்றுவிட்டு, நீ பிழைத்து எழுந்ததும் யாரோ என்று போகிற ஆளாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்மிதா கேட்டுவிட்டு, புரிகிறது, ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை என்றார். அது போதும் என்றேன். உன்னிடமும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். அன்றைக்குக் கெஞ்சியபோது, தம்பி பிழைத்தால் அவன் முடியைத் தருகிறேன் என்றேன். என் முடி என்று சொல்லவில்லை. போன ஆவணியில் உன்னைத் திருச்செந்தூருக்குக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியிலேயே ஒரு தடவை மழித்தாயிற்று, அதை வரவில் வைத்துக்கொள்ளச் சொல் உன் முருகனை என்று நக்கல் அடித்தாய். நானும் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் நீ கோபத்தில் கத்தினாய், என் தலையை என்னைக் கேட்காமல் நேர்ந்துகொள்ள நீ யார் என்று. நான் பதிலுக்கு, உயிர் பிழைத்த திமிர் என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. மறு வாரமே நீ புனேக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாய். போனில் அம்மாவிடம் மட்டும் பேசினாய்.

சாமிக்குச் சொன்ன சொல்லா, நீயா என்று மாதக்கணக்கில் புழுங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பஸ்ஸில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போதுதான், சொன்னவள் நான், என் தலையில் முழங்கை நீளத்துக்கு முடி இருக்கிறதே என்று உறைத்தது. இவ்வளவு சின்ன விஷயம், என் மரமண்டைக்கு எட்டப் பதினோரு மாதம்.

அம்மா அழுதாள். "கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை, அடையாளத்துக்கு மூணு கத்தரி பூமுடி எடுத்தாப் போதும்ட்டி" என்று கெஞ்சினாள். உன் தலையை முழுசாகக் கேட்டவள் என் தலையில் மட்டும் மூன்று கத்தரி எடுத்தால் அது ஏமாற்று வேலை இல்லையா. திருச்செந்தூரில் முடி எடுப்பவர் யாருக்காக என்று கேட்டார். தம்பிக்காக என்றேன். "தம்பி இப்ப எப்படியிருக்கான்" என்றார். நல்லாயிருக்கான், என்னிடம்தான் பேசமாட்டான் என்றேன். முடி வளருவதற்குள் பேசிவிடுவான் என்றார். நீ ஒன்பதாம் நாள் கூப்பிட்டாய். இதை நான் அதிசயம் என்று சொல்லமாட்டேன், அவர் எல்லோரிடமும் அதையேதான் சொல்வார்.

கடலில் முழுகி எழுந்தபோது தலை இத்தனை லேசாக இருந்தது எனக்கு நினைவு தெரிந்து கிடையாது. இங்கே ஆடி மழை, கர்க்கடக மழை என்பார்கள். துளி நேராக உச்சியில் விழுகிறது. நல்ல சுகம், இதை நாத்திகனும் ஒப்புக்கொள்வான்.

ஆனால் வேறொன்றும் தெரிந்துகொண்டேன். பேசுகிறவர்கள் எல்லோரும் என் கண்ணைப் பார்க்காமல் தலையைப் பார்க்கிறார்கள். எதிரில் வரும் பிள்ளைகள் அம்மா கையைப் பிடித்துக்கொள்கின்றன. அப்போதுதான் உன் தழும்பு என் நினைவுக்கு வந்தது. காதிலிருந்து உச்சி வரைக்கும் போகிற அந்தத் தையல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு மாதம் நீ வெயிலிலும் வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டிருந்தாயே. முடி வளர்ந்து அது மறைந்த பிறகுதான் வெளியே இறங்கினாய். அந்தத் தழும்பை மறுபடி திறந்து நாலு பேருக்குக் காட்டச் சொல்லித்தான் நான் அந்த ஆவணி முழுக்க உன்னை அரித்திருக்கிறேன். நீயும் வாயைத் திறந்து சொல்லவில்லை, தத்துவம் பேசினாய். என்னை மன்னித்துவிடு. இதைச் சாமிக்காகக் கேட்கவில்லை, எனக்காகக் கேட்கிறேன்.

மஹேஷின் செய்தி வந்ததற்கும் நான் போனை எடுத்ததற்கும் நடுவில் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. அந்த நேரம் நீ யாரை நினைத்தாய், என்ன செய்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. டிக்கெட் போட்டாய் என்று தெரியும். எனக்கு அது போதும்.

ரத்து செய்திருந்தால் இன்னொன்று போடு. நான்கு நாள் லீவு எடு. கோயில் பேச்சே எடுக்கமாட்டேன், வேண்டுமானால் அம்மாவின் வாயையும் கட்டிப்போடுகிறேன். விழிஞ்ஞம் போய் மீன் சாப்பிடலாம். ஸ்மிதாவுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம், உங்கள் இரண்டு பேருக்கும் என்னைக் கேலி செய்ய நிறைய விஷயம் இருக்கும்.

இனி உன் தலையில் உள்ள ஒரு முடியைக்கூட யாருக்கும் நேரமாட்டேன். நான் வேண்டிக்கொள்வேன், அதை நிறுத்தச் சொல்லாதே. வேண்டிக்கொள்வதும் ஒன்றே ஒன்றுதான். அந்த முடி உன் தலையிலேயே இருந்து நரைக்கட்டும்.

உன் அக்கா,
இசக்கிசெல்வி