சிங்கக் காசை வெளியே எடுத்த கதை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்குச் சுகம்தான், அம்மாவுக்கு ரத்த அழுத்தம் மாத்திரையில் அடங்கியிருக்கிறது, என் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. மற்றபடி வீட்டில் நிம்மதி என்று ஒன்றும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் நீ அனுப்பிய அந்தப் பிளாஸ்டிக் கூடுகள் தின்றுவிட்டன. நீ எனக்கு ஃபோன் செய்தால் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார்.

நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய், அதை நான் மறுக்கவில்லை. போன முறை வந்தபோது அம்மா வருஷக்கணக்காகச் சேர்த்த பழங்காசுகளில் பதினொன்றைக் கொண்டுபோனாய், தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பினாய், எல்லாம் அசல்தான் என்று சான்று வாங்கி, திறக்கவே முடியாத கூட்டுக்குள் ஒவ்வொன்றையும் அடைத்து லேபிளோடு திருப்பி அனுப்பினாய். சரி. ஆனால் உன் அம்மா யார் என்பதை எப்படியடா மறந்தாய்? முப்பத்திரண்டு வருஷம் எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்தவள். கடை கடையாகப் போய்த் தராசைக் கவிழ்த்துப் பார்த்தவள். இன்றைக்கும் வாங்கி வந்த ரொட்டியை எடை போட்டுவிட்டுத்தான் வெட்டுகிறாள். அவளிடம் போய் எடையெல்லாம் நாங்களே போட்டாயிற்று, நீங்கள் லேபிளைப் படித்துக்கொண்டால் போதும் என்றால் சும்மா இருப்பாளா?

பார்சல் வந்த அன்றே தன் பழைய நோட்டை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பதினொன்றில் பத்து, சட்டைப் பொத்தான் அளவுப் பொடிக் காசுகள், அவை பிசகாமல் ஒத்துப்போயின. அந்தப் பெரிய சிங்கக் காசுதான் வினை. நோட்டில் ஆறு புள்ளி ஏழு ஒன்று கிராம், லேபிளில் ஆறு புள்ளி ஆறு இரண்டு. வித்தியாசம் நாலு அரிசி எடை இருக்கும். அந்த நாலு அரிசிக்காக உனக்கு ஃபோன் போட்டு, "குடுத்தது வேற, வந்தது வேற, எவனோ மாத்திட்டான்" என்று அவள் கத்த, "அப்போ என்னைத் திருடன்னு சொல்றியாம்மா" என்று நீ கத்த, அதோடு மூன்று வாரமாக இரண்டு பேரும் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். விடாக்கண்டன் கொடாக்கண்டன் என்பது உங்களுக்காகவே வந்த வார்த்தை. அவள் எவனோ என்று சொன்னது அந்தக் கம்பெனிக்காரனை. நீ ஏனடா அதை எடுத்து உன் தலையில் போட்டுக்கொண்டாய்?

கூட்டை உடைத்தால் சான்று செல்லாது, நாளைக்கு யாரும் நம்பி வாங்க மாட்டார்கள், தயவுசெய்து அம்மாவை உடைக்க விடாதீர்கள் என்று நீ என்னிடம் சொல்கிறாய். உடைக்காவிட்டால் விளிம்பைப் பார்க்க முடியாது, எடை போட முடியாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது யார் பிள்ளை என்றே தெரியாது என்று அவளும் என்னிடம்தான் சொல்கிறாள். கூட்டோடு எடை போட்டுக் கழித்துக்கொள்கிறேன், காலிக் கூடு ஒன்று அனுப்புங்கள் என்று கம்பெனிக்கு இரண்டு கடிதம் வேறு போட்டாள், பதிலே வரவில்லை. சாப்பாட்டு மேஜை முழுக்கக் கூடுகள், நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன். கடைசியில் போன செவ்வாய்க்கிழமை, "நாப்பது வருஷம் லிஃப்டுக்குள்ள மாட்டினவங்களையெல்லாம் வெளிய எடுத்தீங்களே, இந்த ஒண்ண எடுக்கத் தெரியாதா" என்று கேட்டுவிட்டாள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது, வேறென்ன சொல்ல.

பால்கனியில் இரும்பு வைஸை மாட்டி, கூட்டைத் துண்டில் சுற்றி அதன் பிடிக்குள் இறுக்கி, ரம்பத்தால் நாலு ஓரமும் அறுத்தேன். என் விரலில் ஒரு கீறல், அதைக் கேட்பார் இல்லை. மூடி தெறித்துக் காசு துணி துவைக்கும் மெஷின் மேல் போய் விழுந்தது. அவள் பாய்ந்து எடுத்து விளிம்பை லென்ஸில் பார்த்தாள். சிங்கத்தின் வாலுக்கு நேரே ஒரு சின்ன வெட்டு இருக்குமாம், கூட்டுக்குள் இருக்கும்போது அது மறைந்திருந்ததாம். "அதேதாங்க, நம்ம காசுதான்" என்றாள். அப்பாடா, முடிந்தது என்று ரம்பத்தைத் துடைத்தேன். எங்கே முடிந்தது? அடுத்த நிமிஷம் தன் தட்டுத் தராசில் கல் வைத்து எடை போட்டாள், அதே ஆறு புள்ளி ஏழு ஒன்று. அப்படியானால் லேபிள் பொய், அவர்களுக்கு எடை போடவே தெரியவில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு கடைவீதி நகைக்கடைக்குக் கிளம்பினாள்.

நகைக்கடைக்காரர் தன் எலக்ட்ரானிக் தராசில் வைத்தார், ஆறு புள்ளி ஆறு இரண்டு. உங்கள் தராசு தப்பு என்றாள். அவர் முத்திரை போட்ட சோதனைக் கல்லை எடுத்து வைத்துக் காட்டினார், இம்மி பிசகவில்லை. அப்புறம்தான் கைப்பையைத் திறந்து, வீட்டில் இத்தனை வருஷமாக உபயோகிக்கும் தன் ஐந்து கிராம் பித்தளை எடைக்கல்லை எடுத்துத் தராசில் வைத்தாள். நாலு புள்ளி ஒன்பது ஒன்று. மாதம் தவறாமல் பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே கல்லைக் கரைத்திருக்கிறாள். ஐந்து கிராமுக்குள் அடங்கும் பொடிக் காசுகளுக்கு அந்தக் கல்லே தேவைப்படாததால் இத்தனை நாள் தெரியவில்லை. அந்தக் கடைக்காரர் யார் தெரியுமா, இருபது வருஷத்துக்கு முன் தேய்ந்த கல் வைத்திருந்தார் என்று அம்மா கேஸ் எழுதிய அதே மனுஷர். ரொம்ப மரியாதையாக, "மேடம், இந்தக் கல்லப் பறிமுதல் பண்ணிக்கட்டுமா" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கடை வாசலுக்கு ஓடிவிட்டேன். அவள் கல்லை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மற்ற பத்துக் கூட்டையும் இனி தொடப்போவதில்லையாம். சிங்கத்தை மட்டும் திரும்ப அடைக்கக் கூடாதாம், விலை போனால் போகட்டுமாம். நீ அதற்கு ஒரு சண்டை ஆரம்பிக்காதே. நேற்று என் உள்ளங்கையிலும் வைத்தாள், இத்தனை வருஷத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை, சில்லென்று கனமாகத்தான் இருந்தது. அவ்வளவு தூரம் அனுப்பிச் சான்று வாங்கிய நீ, அனுப்புவதற்கு முன் கூட்டில் அடைக்கலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்று, யாருக்கு என்று கேட்டாள், சொன்னேன். "எழுதுங்க. கல்லு தப்பு, அவன் மேல தப்பில்லன்னு நல்லா பெருசா எழுதுங்க. ஆனா மூணு வாரமா அம்மா எப்படியிருக்கான்னு உங்ககிட்டகூட ஒரு வார்த்தை கேக்கலயே, அத எந்தக் கடையில போய் எடை போடறதுன்னும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சொன்னபடி எழுதிவிட்டேன், பதில் சொல்லவேண்டியது நீ.

குழந்தைக்கு எங்கள் முத்தங்கள், மருமகளுக்கும் உனக்கும் எங்கள் ஆசிகள், எல்லோரும் நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் ஃபோன் செய். என் நம்பருக்குச் செய்யாதே.

இப்படிக்கு,
உன் அப்பா