சாம்பல் பெட்டியில் ஒரு பச்சைப் புள்ளி

உன் சாம்பல் நிற ஒலிப்பதிவுப் பெட்டியை இன்று காலை மின்சாரத்தில் பூட்டினேன். பத்து நிமிடத்தில் சூடேறி மணக்கத் தொடங்கியது. சூடான தூசி, அதற்கடியில் வள்ளத்துப் பெயின்ற், அதற்கும் அடியில் உன் வீட்டுக் கருவாடு. நீ போய் மூன்று மாதமாகிறது. பெட்டி மட்டும் நீ பக்கத்து அறையில் நிற்கிற மாதிரி மணக்கிறது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். உண்மையைத்தான் எழுதுகிறேன், கோபிக்காதே. நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் ஒருநாளும் உண்மை சொல்லவில்லை, இனியாவது சொல்லவேண்டும்.

நேற்றுத்தான் உன் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். மகளோடு வவுனியாவில் போய் இருக்கப் போகிறாளாம். அலுமாரி, கதிரை எல்லாம் ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். உன் ஒலிப்பதிவு அறையில் இந்தப் பெட்டி மட்டும் தனியாக இருந்தது. "அண்ணை, இதை ஆரிட்டக் குடுக்கிறது? உங்களுக்குத்தானே இதின்ர சூட்சுமம் தெரியும்" என்றாள். எனக்குத் தெரியாது என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். தலையை ஆட்டிக்கொண்டு வாங்கி வந்தேன்.

சண்டை முடிந்து நாம் ஊருக்குத் திரும்பி வந்த காலம் நினைவிருக்கிறதா? நீ தமிழ்நாட்டு முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தாய். நான் மடு, வவுனியா என்று அலைந்துவிட்டு வந்தேன். மன்னார்ப் பள்ளிமுனையில் எங்களுக்குக் கிடைத்த வீட்டுத்திட்ட வீடுகளுக்கு இடையே இரண்டு ஒழுங்கைத் தூரம்தான். நீ அங்கே மைக்செட்காரனிடம் வேலை செய்தவன். வந்த கையோடு ஓர் அறையில் சாக்கும் பழைய வலையும் தொங்கவிட்டு, ஒரு கணினியை வைத்து, பாட்டுப் பதியத் தொடங்கிவிட்டாய். அடுத்த மாதம் நானும் தொடங்கினேன். எனக்கும் நீண்ட நாள் ஆசை என்று ஊருக்குச் சொன்னேன். ஆசை ஒன்றும் இல்லை. உன் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணிக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அதிலும் ஒரு சோடிச் செருப்பு என் சொந்த அக்காவுடையது. வங்காலையில் வாழ்க்கைப்பட்டவள். தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லி அவள் ஒப்பாரி எடுத்தால் மாதா கோயில் முற்றத்தில் ஆண்களும் மூக்கைச் சிந்துவார்கள். அந்த ஒப்பாரிகளைச் சீடியாகப் போட்டு வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு அனுப்பவேண்டும் என்று கோயில் பங்குச் சபையில் முடிவானபோது, தம்பியின் அறைக்குத்தான் வருவாள் என்று நான் புதுப் பாய் வாங்கி விரித்து வைத்திருந்தேன். அவள் பஸ்சால் இறங்கி, என் வீட்டில் தேத்தண்ணி குடித்து, என் பிள்ளைகளைக் கொஞ்சி, "சரி தம்பி, வாறன்" என்று எழும்பி உன் வீட்டுக்குப் போனாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "நீ பாட்டுக்கு நடுவில என்னைத் திருத்துறாய். அவன் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பான்" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் குரலைப் பதிவது லேசான வேலை இல்லைத்தான். ஒப்பாரிக்காரர் மைக்குக்குப் பழகியவர்கள் இல்லை. தாழ்ந்த அடியைத் தனக்குள்ளேயே முணுமுணுப்பாள், அடுத்த அடியில் முகத்தை நிமிர்த்தி "ஐயோ" என்று கூப்பிட்டால் கருவி கிழியும். முணுமுணுப்பைக் கூட்டி வைத்தால் கூப்பாடு உடைகிறது, கூப்பாட்டுக்குக் குறைத்து வைத்தால் முணுமுணுப்புக் கேட்பதில்லை. நீ ஒரு விரலைச் சத்தம் கூட்டிக் குறைக்கிற கட்டையில் வைத்து அவள் மூச்சைப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்குவாய். நான் அதைச் செய்தால் எப்போதும் அரை அடி பிந்திப்போவேன். இதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது, பெரிய சத்தத்தைப் பிடித்து அமுக்கும், சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும், பேர் கொம்பிரசர் என்று நீதான் சொன்னாய். அந்த நிமிடமே முடிவெடுத்தேன். பெட்டி வந்தால் உன் விரலுக்கு வேலை இல்லை, அக்கா என் அறைக்கு வருவாள். அக்காவிடம் சொன்னபோது, "கொம்பிரசரோ? சங்கு குளிக்கப் போறியோ, இல்லாட்டி ரயருக்குக் காத்தடிக்கப் போறியோ?" என்று சிரித்தாள்.

கொழும்புக்கு முதல் பஸ்சில் இரண்டு பேருமாகத்தான் போனோம். நான் தனியாகப் போகத்தான் நினைத்தேன். ஆனால் எது நல்லது என்று எனக்குத் தெரியாதே. உன் காது எனக்குத் தேவைப்பட்டது, நீ தேவைப்படவில்லை.

பழைய ஒலிப்பதிவுச் சாமான் விற்கிற அந்தக் கடையில் இரண்டே இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று கறுப்பு. முகம் முழுக்கக் குமிழ்கள், மேலே இரண்டு வரிசையாகச் சிவப்பும் பச்சையுமாக லைற்றுகள். மற்றது இந்தச் சாம்பல். இரண்டே குமிழ், நடுவில் ஓர் ஊசி, ஒரு மூலை நசுங்கியிருந்தது. அரசாங்கக் கந்தோரில் கழித்துவிட்ட சாமான் மாதிரி ஒரு தோற்றம். கடைக்காரர் ஒரு மைக்கைப் பூட்டித் தந்தார். "பாடு மச்சான்" என்றாய். நீ பாடியிருக்கலாம், ஆனால் உனக்குத்தான் பாட வராதே. சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் நான் முன்வரிசை, நீ மணி அடிக்கிறவன். உன்னை நான் வென்ற ஒரே இடம் அதுதான். ஆகவே கடையில் நெஞ்சை நிமிர்த்தி ஓர் ஒப்பாரி அடியைப் பாடினேன்.

நீ காதுக்கருவியை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டாய். கறுப்பில் ஒரு தரம், சாம்பலில் ஒரு தரம், திரும்பவும் கறுப்பில், திரும்பவும் சாம்பலில். மூன்றாம் தரம் சாம்பலில் பாடும்போது குமிழை மயிரிழை திருப்பினாய், உன் முகத்தில் என்னவோ நடந்தது. பிறகு எனக்குக் காதுக்கருவியைத் தந்து, "லைற்றைப் பாராத, கண்ணை மூடிக் கேள்" என்றாய். நான் கண்ணை மூடின மாதிரி மூடி இமைக்குள்ளால் லைற்றைத்தான் பார்த்தேன். என்ன ஆட்டம் அது! திருவிழாச் சோடனை தோற்றுவிடும்.

"மச்சான், சாம்பலை நீ எடு. உன்ர குரலுக்கும் அக்கான்ர குரலுக்கும் அதுதான் சரி. லைற் பெட்டியை நான் கொண்டுபோறன்" என்றாய்.

கேட்டதும் கறுப்புப் பெட்டியின் மேல் கையை வைத்தேன். பார் இவனை, நசுங்கினதை என் தலையில் கட்டிவிட்டு மின்னுகிறதைத் தான் அமத்தப் பார்க்கிறான், முகாமில் படித்துவந்த கெட்டித்தனம் என்று நினைத்தேன். "இல்லை, கறுப்பை நான்தான் முதலில பாத்தனான்" என்றேன், சின்னப்பிள்ளை மாதிரி. "யோசிச்சுத்தான் சொல்றியா மச்சான்?" என்று உன் இந்தியத் தமிழில் கேட்டாய். "ஓம்" என்றேன். "சரி, உன்ர விருப்பம்" என்று சொல்லிவிட்டுச் சாம்பல் பெட்டியைக் கயிற்றால் கட்டினாய். திரும்பிவரும் வழி முழுக்கக் கறுப்புப் பெட்டி என் மடியில் இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்து நடந்தது உனக்கும் தெரியும். அக்காவைக் கெஞ்சிக் கூட்டிவந்து பாடவைத்தேன். எந்தக் குமிழ் எதற்கென்று தெரியாமல் லைற் எப்போது அதிகம் ஆடுகிறதோ அப்போது சரி என்று நினைத்து எல்லாவற்றையும் முறுக்கினேன். திரும்பப் போட்டுக் கேட்டால் அக்காவின் "ஐயோ" வாயைப் பொத்தினவள் போட்ட சத்தமாகக் கேட்டது. அவள் மூச்செடுக்க நிறுத்தும் இடமெல்லாம் பெட்டி தூரத்துச் சத்தத்தைத் தூக்கித் தூக்கித் தந்தது. அடிக்கு அடி, வெளியே நின்ற கழுதை ஒன்று அவளுக்குப் பின்பாட்டுப் பாடியது. மன்னாரில் கழுதை இல்லாத தெரு எங்கே இருக்கிறது? அக்கா சிரிக்கவும் இல்லை. "தம்பி, இது நான் இல்லை" என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் தகரக் கூரையைக் குறை சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அவள் உன் அறையில் பாடினாள், உன் சாம்பல் பெட்டியில்.

சீடியைக் கோயில் முற்றத்தில் முதல் தரம் போட்டபோது சனம் அசையாமல் நின்றது. முணுமுணுப்புக் காதுக்குப் பக்கத்தில் கேட்டது, கூப்பாடு நெஞ்சில் இடித்தது, எதுவும் உடையவில்லை. எல்லாரும் உன்னைத் தேடிவந்து கையைப் பிடித்தார்கள். நானும் வந்தேன். "அடிச்சத்தம் கூடிப்போச்சு, கும்மெண்டு கேக்குது" என்றேன். "ஓம் மச்சான், கொஞ்சம் கூடத்தான்" என்று நீ ஒத்துக்கொண்டாய். நீ சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அதன் பிறகு நான் ஊரில் என்னென்ன சொன்னேன் என்றும் எழுதிவிடுகிறேன். உன் அறையில் ஒழுக்கு என்றேன். நீ பதிகிறது சினிமாப்பாட்டு மாதிரி இருக்கிறது என்றேன். அந்தப் பெட்டியில் ஏதோ வசியம் இருக்கிறது என்று ஒரு கிழவியிடம் சொன்னேன், அவள் அதை நம்பியும் விட்டாள். பிறகு கறுப்புப் பெட்டியைத் துணியால் மூடிவிட்டு, பாட்டையே விட்டுவிட்டுக் கடலுக்குப் போனேன்.

நீ மட்டும் வழியில் கண்டால் கேட்பாய். "எப்ப மச்சான் என்ர அறைக்கு வாறாய்? ஒரு அடி பாடிப்போட்டுப் போவன்." வாறன் வாறன் என்பேன். உன் அறைக்குள் வந்து உன் பெட்டியில் என் குரல் நன்றாக இருந்துவிட்டால்? அந்தப் பயத்திலேயே வரவில்லை.

உன் அடக்கத்தின் அன்று அக்காவின் சீடியைத்தான் போட்டார்கள். நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போனவனுக்கு ஊரே அழுதது. நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். அடிச்சத்தம் கூடவில்லை. எங்கும் கூடவில்லை.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியை எடுக்கும்போது இரண்டு குமிழையும் சுற்றிச் சின்னச் சின்னப் பெயின்ற் புள்ளிகளைக் கண்டேன். நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை. இது என்ன தங்கச்சி என்று உன் மனைவியிடம் கேட்டேன். "ஆக்களின்ர வள்ளத்து நிறம் அண்ணை. ஆர் பாட வருகினமோ அவையின்ர வள்ளத்து நிறத்தில புள்ளி வைப்பார். அடுத்த முறை வந்தால் குமிழை அதுக்கு நேர திருப்பினால் சரியாம். நீலம் உங்கட அக்காவுக்கு" என்றாள். ஓம், அத்தானின் வள்ளம் நீலம். மஞ்சள் உன் பக்கத்து வீட்டான். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் உள்ளே, பழையதாய் மங்கி, ஒரு பச்சைப் புள்ளியும் இருந்தது.

பள்ளிமுனைக் கரையில் இன்றைக்குப் பச்சை வள்ளம் கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்று, என்னைப் பெற்ற அப்புவுடையது. நீயும் நானும் அதன் முன்முனை அணியத்தில் இருந்து கால் நனைத்த வள்ளம். நாங்கள் இடம்பெயர்ந்த வருடம் கரையிலேயே எரிந்துபோனது.

"அதுதான் முதல் புள்ளி அண்ணை" என்றாள் உன் மனைவி. "கொழும்பில இருந்து வந்த அண்டைக்கே வச்சவர். பச்சைப் பெயின்ற் கிடைக்கேல்லை எண்டு நீலத்தையும் மஞ்சளையும் போத்தல் மூடியில கலந்தவர். கடையில நீங்கள் பாடேக்க பிடிச்ச இடமாம். மறந்துபோக முதல் வைக்கோணும் எண்டார்." பிறகு இன்னொன்றும் சொன்னாள். "உங்களில அவருக்குச் சரியான எரிச்சல் அண்ணை. குரலை அவனுக்குக் குடுத்துப்போட்டு எனக்குக் கேக்கிற வேலையை மட்டும் தந்திட்டார் ஆண்டவர் எண்டு சொல்லிச் சொல்லிப் புறுபுறுப்பார்."

எரிச்சலாம்! உனக்கு, என்னில்! அடப்பாவி, இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எத்தனை வருடம் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன்.

இன்று காலை மணம் வந்த பிறகு, இரண்டு குமிழையும் பச்சைக்கு நேரே திருப்பினேன். கதவைச் சாத்தினேன். அன்று கடையில் பாடிய அதே அடியைப் பாடினேன். குரல் தடித்துப்போய்விட்டது, மேலே போகும்போது நடுங்குகிறது. திரும்பப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன், இந்த முறை உண்மையாகவே மூடினேன். நடுக்கம் இருந்தது, ஆனால் எதுவும் உடையவில்லை. வெளியே கழுதை கத்தியது, பதிவில் அது எங்கேயோ தூரத்தில், இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. நீ வைத்த இடத்திலிருந்து மயிரிழை தவறவில்லை. கறுப்புப் பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கியிருக்கலாம் நீ. கன்னத்தில் ஒரு அறை விட்டுச் சாம்பலை என் மடியில் வைத்திருக்கலாம்.

சனிக்கிழமை அக்கா வருகிறாள். இந்த வருடத்து ஒப்பாரியை என் அறையில்தான் பாடவேண்டும், வேறு அறை இல்லை. நீலத்துக்குத் திருப்பி வைப்பேன், இடையில் வாய் திறக்கமாட்டேன். பாடி முடித்ததும் அவள் வழக்கப்படி நிமிர்ந்து பார்ப்பாள், எப்படி இருக்கிறது என்று கேட்க. என்னைப் பார்க்கமாட்டாள். நீ நிற்கிறாய் என்று நினைத்து வெறும் மூலையைத்தான் பார்ப்பாள். அப்போதும் எனக்கு எரியும் மச்சான். எரியட்டும். அவள் போன பிறகு குமிழைப் பச்சைக்குத் திருப்பிவிடுவேன்.