மந்திரியை உள்ளே விட்ட நாள்

இன்று காலை படியில் கால் தவறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். கைத்தடி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுப்பதில்லை என்பது என் கொள்கை. அயோடின் புட்டியைத் திறந்ததும், அந்த வாடையில், மைசூருக்கு வெளியே நாம் இருவரும் வேலை பார்த்த குதிரைப் பண்ணையில் இருந்தேன். பிறந்த குட்டியின் தொப்புளை அயோடினில் நனைத்தபடி கால்நடை மருத்துவராகிய நான். குட்டியின் தலையைத் தாங்கியபடி லாயத் தலைவராகிய நீங்கள். நீங்கள் இறந்து ஓராண்டு ஆகிறது. தமிழில் எழுதுகிறேன், என் ஆங்கிலத்தைப் போல இதைப் பிறர் வாசித்துச் சொல்லக் கேட்கும் அவசியம் உங்களுக்கு இல்லை.

தலைப்பிரசவத்துக்கு நின்ற அந்தப் பழுப்புக் குதிரையை ஒன்பது நாள் காவல் காத்தோம். பத்தாம் நாள் முற்பகலில், நாம் காப்பி குடிக்கப் போன கால்மணி நேரத்தில் அவள் ஈன்றுவிட்டாள்.

"நாலு பேரு மொறச்சுப் பாத்துக்கிட்டே நின்னா எவ பெறுவா, சொல்லுங்க டாக்டரம்மா?" என்றீர்கள். உங்கள் ஊரான மார்டள்ளியை விட்டு வந்து எத்தனை ஆண்டாகியும் உங்கள் பேச்சு ஊரை விட்டு வரவில்லை.

குட்டி நான்கு கால்களையும் நான்கு திசைகளில் ஊன்றி எழுந்தது. மடியைத் தேடிப் போயிற்று. தாய் காதுகளைப் பின்னுக்கு மடக்கி உதைத்தாள். முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்காத குட்டி பிழைப்பது அரிது. அவளை அமைதிப்படுத்த நான் மயக்க ஊசி போட்டேன். மறுபடியும் உதைத்தாள். பாலைக் கறந்தாவது கொடுக்கலாம் என்று மடியைத் தொட்ட என்னையும் உதைக்க வந்தாள். குட்டி சுவரோரம் விழுந்து, எழ முயலாமல் கிடந்தது.

"ஊசி போதுமுங்க. இவளுக்கு இப்ப ஒரு எதிராளி வேணும்."

"நான் ஒருத்தி நிக்கிறேனே, போதாதா?"

"உங்களுக்கு வாய்தானுங்க இருக்குது. பல்லு வேணும்."

பண்ணை வாசலில் தின்பதும் தூங்குவதுமே தொழிலாகக் கிடந்த கிழட்டு நாய்க்கு மந்திரி என்று பெயர் வைத்திருந்தீர்கள். அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தீர்கள். காட்டுமிராண்டித்தனம் என்றேன். "கதவைப் புடிங்க டாக்டரம்மா" என்றீர்கள். பிடித்தேன்.

மந்திரி குட்டியை நோக்கி இரண்டடி வைத்து, ஒரே ஒருமுறை குரைத்தது. குதிரை சுழன்று வந்து நாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நின்று முன்னங்காலால் தரையை அறைந்தாள். நீங்கள் நாயை வெளியே இழுத்த பின்பும் அங்கிருந்து நகரவில்லை. பிறகு தலையைத் தாழ்த்திக் குட்டியை முகர்ந்தாள், நக்கினாள். குட்டி எழுந்து பால் குடிக்கும் ஓசை கேட்கும்வரை நான் கதவை விடவில்லை.

அன்று மாலை பிரசவப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன்: ஊசிக்குப் பின் தாய் குட்டியை ஏற்றுக்கொண்டது. பிழையற்ற வாக்கியம். 'ஊசியால்' என்னாமல் 'பின்' என்ற சொல்லைத் தேர்ந்தது பல்கலைக்கழகத்தில் நான் பெற்ற கல்வி. அதை எழுத்தரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தீர்கள்.

"எல்லாஞ் சரிதானுங்க. மந்திரி பேரு மட்டும் உட்டுப் போச்சுங்க."

உங்கள் பெயரைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் சிரித்தேன், திருத்தவில்லை. முதலாளி பாராட்டியபோது அதையும் வாங்கிக்கொண்டேன். அந்த ஒற்றை வாக்கியத்தை இத்தனை காலம் சுமந்திருக்கிறேன். என் முதுகுவலிக்கு மருத்துவர்கள் வேறு காரணம் சொல்கிறார்கள்.

இறந்தவருக்காக வருந்துவது சுலபம், யாருக்கும் பயன்படாது. ஆகவே முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் பண்ணைக்குப் போனேன். பழைய பதிவேட்டை வாங்கிப் பேனாவைத் திறந்ததும், இப்போதைய மருத்துவரான இளம்பெண் பதறினாள்.

"ஐயோ மேடம், அது ரெக்கார்டு!"

"அதனாலதான்மா எழுதறேன்."

என் ஆங்கில வரிக்குக் கீழே தமிழில் எழுதி, பட்டங்களோடு கையொப்பமிட்டேன்:

'ஊசி பலிக்கவில்லை. மந்திரி என்னும் நாயை உள்ளே விட்டுக் குட்டியைக் காப்பாற்றியவர் லாயத் தலைவர். மருத்துவர் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.'