அடுத்த டெஸ்டில் விழுந்த வரி

கோவை கணபதியில் சிக்னலுக்கு நின்றிருந்தபோது அந்த வார்னிஷ் வாடை வந்தது. பக்கத்துச் சந்தில் ஏதோ ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டி, வார்னிஷில் முக்கிச் சூட்டில் வைத்திருப்பார்கள். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, "ஏனுங்க, பச்சை உழுந்து போச்சுங்க" என்று சொல்லும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை. உனக்கு அந்த வாடை ஆகவே ஆகாது. மாடிப்படி ஏறும்போதே துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொள்வாய். கீழே வைண்டிங் பட்டறை, மேலே நம் சாப்ட்வேர் கம்பெனி. "கீழ எரிஞ்ச மோட்டாரைக் கட்டறாங்க, மேல எரியாம இருக்கப் புரோகிராம் எழுதறோம். ரெண்டுல ஒண்ணு உருப்படாது புள்ளே" என்பாய்.

நாம் என்ன வேலை பார்த்தோம் என்பதை வெளியே ஒருவருக்கும் சொல்லி விளங்கவைக்க முடிந்ததில்லை. தோட்டத்துக் கிணற்று மோட்டாரை வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமைக் கம்பெனி எழுதியது. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்டுகளை நீயும் நானும் எழுதினோம். போடு என்றால் போடுகிறதா, கரண்ட் போய் வந்தால் மறுபடி கிளம்புகிறதா, கிணறு வற்றினால் தானாக நிற்கிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாக டெஸ்டுகள் தாமாகவே ஓடும். அலமாரியில் பெட்டிகளை வரிசையாக மாட்டி, மோட்டாருக்குப் பதில் பல்பு தொங்கவிட்டிருந்தோம். ஒருமுறை என் அப்பா ஆபீசுக்கு வந்து பார்த்துவிட்டு, பல்பு எரியறதைப் பாக்கறதுக்கா இத்தனை படிப்பு என்று கேட்டார். நீ அவர் கையில் காபியைக் கொடுத்து, "எரியாம இருக்கறதையும் பாக்கறோமுங்க" என்றாய். அவர் அதற்குப் பிறகு உன்னைப் பற்றித்தான் விசாரிப்பார், என்னைப் பற்றி அல்ல.

டெஸ்ட் ஓடும்போது பெட்டி தன்பாட்டுக்கு எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும். சிக்னல் போதவில்லை, வோல்டேஜ் இறங்குகிறது, தண்ணீர் இல்லை என்று வரி வரியாக எழுதும். டெஸ்டை ஓட்டும் கருவி அந்த வரிகளையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். டெஸ்ட் ஃபெயில் ஆனால் எடுத்துக் காட்டும். பாஸ் ஆனால் குப்பையில் கொட்டிவிடும். எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். உனக்குத்தான் பொறுக்கவில்லை. பாஸ் ஆனது சொல்வதை எவரும் கேட்கக் கூடாதா என்று மதியச் சாப்பாட்டு மேசையில் சண்டைக்கு வந்தாய். பிறகு நீயே உட்கார்ந்து அதை மாற்றியும் போட்டாய். பாஸோ ஃபெயிலோ, ஒவ்வொரு டெஸ்டின் வரிகளும் தனிக் கட்டாகச் சேமிக்கப்படும். கட்டின் தலையில் ஒரு லேபிள் இருக்கும். அதில் டெஸ்டின் பெயர், பெட்டியின் பெயர், டெஸ்டை எழுதியவர் பெயர்.

எழுதியவர் பெயர் எதற்கு என்று கேட்டேன். "சந்தேகம் வந்தா யாருகிட்டக் கேக்கறதுன்னு தெரியோணுமல்ல" என்றாய். அவ்வளவு வெள்ளையான மனசு உனக்கு. கேட்பதற்காக ஒட்டிய பெயரை ஆள் பிடிப்பதற்கு எடுத்துக்கொள்வார்கள் என்று உனக்குக் கனவில்கூடத் தோன்றவில்லை. அந்த லேபிள்மேல் உனக்கு இருந்த பெருமை பெற்றவளுக்குப் பிள்ளைமேல் இருப்பது போலத்தான். "லேபிளு பொய் சொல்லாது புள்ளே. ஆளுகதான் சொல்லுவாங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

அந்தக் கோடையில் புரோகிராமின் புது வெர்ஷன் வெளியே போன பிறகு ஆனைமலைப் பக்கம் தோப்புகளில் மோட்டார்கள் கருகத் தொடங்கின. தண்ணீர் வற்றிய கிணற்றில், நிறுத்தச் சொன்ன பிறகும் நிற்காமல் ஓடி ஓடிக் கருகின. தென்னைக்குத் தண்ணீர் இல்லாத வெயிலில் மோட்டாரும் போனால் தோட்டக்காரர் என்ன செய்வார்? பெட்டி விற்றவர்கள் நம் கம்பெனிக்குப் போன்மேல் போன் போட்டார்கள். நம் டீம் லீட் தனபால் சார் எல்லோரையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்.

நீ சேமித்து வைத்த கட்டுகளைத்தான் திரையில் திறந்தார்கள். கரண்ட் போய் வந்ததும் மோட்டார் கிளம்புகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். அதன் கட்டில் முதல் வரியாக, தண்ணீர் இல்லை, மோட்டாரை நிறுத்த முடியவில்லை என்று பெட்டி எழுதியிருந்தது. டெஸ்டின் முடிவு பாஸ். லேபிளில் உன் பெயர்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. பெட்டி தொண்டை கிழியக் கத்தியிருக்குது. உங்க டெஸ்ட் பாஸ் போட்டுப்போட்டுப் போயிருச்சுங்க" என்றார் தனபால் சார். நம் ஊர் மரியாதை அப்படி. கழுத்தை அறுக்கும்போதும் ஒரு 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த டெஸ்ட் தண்ணீர் பக்கமே போகாது, அதில் எப்படி இந்த வரி வரும், வேறு எங்கிருந்தாவது வந்து விழுந்திருக்கலாம் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமலே, "லேபிள்ல யாரு பேருங்க இருக்குது?" என்று கேட்டார். நீ பேசுவாய் என்று உன் முகத்தையே பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, "எம் பேருதானுங்க" என்றாய்.

படியில் இறங்கும்போது உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எதற்கு ஒப்புக்கொண்டாய், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் நாக்கு அறுந்துவிடுமா என்று கேட்டேன். "நான் ஒட்டுன லேபிளை நானே நம்பலீன்னா எப்படி புள்ளே?" என்றாய். கரண்ட் வந்ததும் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று உன் டெஸ்ட் பார்த்திருக்க வேண்டும், அதை நீ மறந்துவிட்டாய் என்று எனக்கே விளக்கம் சொன்னாய். உன்மேல் இல்லாத குற்றத்துக்கு நீயே சாட்சி தேடிக் கொடுத்தாய். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

என்ன நடந்தது, யாரால் நடந்தது என்று ஒரு ரிப்போர்ட் எழுதி உன் பெயரை அதில் போட்டார்கள். நீயும் மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினாய். வேலையை விட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க என்றார்கள். நீ போய்விட்டாய். பாஸ் ஆன டெஸ்டின் வரிகளைச் சேமிப்பதையும் அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள், அது தேவையில்லாத குழப்பமாம். டெஸ்டுக்கு மாட்டியிருந்த பெட்டிகளையும் பெட்டி விற்றவர்கள் வந்து எடுத்துப் போனதால் அலமாரி காலியாகக் கிடந்தது. நான் எதையும் ஓட்டிப் பார்க்க வழியில்லை.

உன் மாமாவின் ஜவுளிக்கடையில் பில் போட உட்கார்ந்தாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நீ வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து நானும் வருவேன். சேலை, சினிமா, பக்கத்து வீட்டு நாய் என எல்லாம் பேசுவோம். நான் ஆபீஸ் பேச்சை எடுத்தால் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விடுவாய். மறுபடி டெஸ்ட் வேலைக்கு வா, வேறு கம்பெனியில் கேட்கிறேன் என்றேன். "வேண்டாம் புள்ளே. அடுத்தவங்க மோட்டாரையும் கெடுக்கோணுமா?" என்றாய். பிறகு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். வீட்டுக்குத் திரும்பவில்லை. தனபால் சார் பெரிய மாலையாக வாங்கி வந்தார். அதில் கம்பெனி பெயர் போட்ட ரிப்பன் தொங்கியது.

பெட்டிகள் திரும்பி வந்தபோது நீ இல்லை.

அலமாரியில் அவற்றை மாட்டியதும் நான் செய்த முதல் வேலை, உன் டெஸ்டைத் தனியாக ஓட்டியதுதான். அந்த வரி வரவில்லை. மறுபடி ஓட்டினேன், வரவில்லை. அதற்கு முன்னால் ஓடும் டெஸ்ட் எதுவென்று பார்த்தேன். கிணறு வற்றினால் மோட்டார் நிற்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். அதை அவசரத்துக்கு எழுதியவர் தனபால் சார். அதை மட்டும் தனியாக ஓட்டினேன். நிறுத்தச் சொல்லிவிட்டு, அது கொஞ்சமும் காத்திருக்காமல் பாஸ் போட்டு முடிந்துவிட்டது. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டெஸ்ட் முடிந்த பிறகு, பெட்டி மெதுவாக அந்த வரியை எழுதியது. தண்ணீர் இல்லை, மோட்டாரை நிறுத்த முடியவில்லை.

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ்ஸைத் தவறவிட்டவன் ஓடி வந்து அடுத்து நிற்கும் பாலக்காட்டு பஸ்ஸில் ஏறிவிட்டால், கண்டக்டர் பாலக்காட்டு டிக்கெட்டைத்தான் கிழிப்பார். அதுதான் நடந்திருந்தது. அவருடைய டெஸ்ட் முடிந்து உன்னுடையது தொடங்கியபின் வந்து சேர்ந்த வரியை, அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்த டெஸ்டின் கட்டில் கருவி போட்டுவிட்டது. உன் லேபிளில் பொய் இல்லைதான். யார் வீட்டு வரி என்று அதற்குத் தெரியாது, யார் வீட்டில் வந்து விழுந்தது என்று மட்டும்தான் தெரியும். இதை நீ கண்டுபிடித்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பாய். உனக்குத்தான் இந்த மாதிரிப் புதிர் என்றால் சோறு வேண்டாம்.

தனபால் சாரைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினேன். முழுக்கப் பார்த்தார். "சரிங்க, நான் பாத்துக்கறேனுங்க" என்றார். மறுநாள் அவருடைய டெஸ்டில் காத்திருக்கச் சொல்லும் ஒரு வரி சேர்ந்திருந்தது. என்ன மாற்றம் என்று எழுதும் இடத்தில், நேரம் சரிசெய்யப்பட்டது என்று இருந்தது. ரிப்போர்ட்டில் உன் பெயர் அப்படியே கிடந்தது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, கவனக்குறைவு எப்படியிருக்கும் என்று காட்ட அந்த ரிப்போர்ட்டைத்தான் திறக்கிறார்கள். பெயரையாவது எடுங்கள் என்று கேட்டேன். ஆளே இல்லீங்களே, இனி யாருக்குங்க அது என்றார். நான் அந்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன்.

உன் முதலாண்டு நினைவுப் பூசைக்கு அவரும் வந்திருந்தார். பூசை முடிந்து உங்கள் வீட்டில் சாப்பாடு. பந்தியில் உன் அம்மா பரிமாறிக்கொண்டு வர, "உங்க பொண்ணு மாதிரி கவனமான ஆளு இனிக் கெடைக்காதுங்கம்மா" என்று சொல்லி இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டார். எனக்கு எதிர் வரிசையில் இருப்புக் கொள்ளவில்லை.

"சார், அந்தத் தப்பு அவளோடது இல்லைன்னு அம்மாகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லீருங்க" என்றேன்.

அவர் இலையைப் பார்த்தபடி, சாமி காரியம் நடக்கிற இடத்துல ஆபீஸ் பேச்சு எதுக்குங்க என்றார். இலையை மூடி, கையைக் கழுவி, எல்லோரிடமும் தனித்தனியாக வாரேனுங்க சொல்லிக்கொண்டு காரில் ஏறினார். ஒருவரிடமும் சொல்ல மறக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு உன் அம்மா என்னைச் சமையலறைக்குள் கூட்டிப் போய் என்ன தப்பு என்று கேட்டார். பெட்டி, டெஸ்ட், லேபிள் என்று முதலிலிருந்து சொன்னேன். பஸ் கதையையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப எம்புள்ளை பண்ணலியா கண்ணு?"

"இல்லீங்கம்மா."

"ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொல்லீட்டுக் கெடந்தா. என்னாலதாம்மா அத்தன பேரு மோட்டாரும் கருகிப் போச்சுன்னு. நானும் போனாப் போகுது உடு சாமி, நீ தெரியாமத்தான பண்ணிப்போட்டேன்னு சொன்னேன்." அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "நானும் அப்படித்தான சொன்னேன் கண்ணு. அவ பண்ணலைன்னு ஒருத்தரும் சொல்லலியே."

புது ஆபீசில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். எந்தக் கட்டில் யார் பெயர் இருந்தாலும், அந்த டெஸ்டைத் தனியாக ஓட்டிப் பார்க்காமல் ஒருவரையும் கேள்வி கேட்க விடமாட்டேன். அதனால் நேரம் ஆகிறது என்று முணுமுணுக்கிறார்கள், ஆகட்டும். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வேலை ஒன்றுதான். மற்றபடி நான் சுமப்பது உன் அம்மா கடைசியாகச் சொன்ன வார்த்தையை. படியில் நான் உன்னைத் திட்டினேன், எதிர்த்துப் பேசு என்றேன், வேறு வேலைக்கு வா என்றேன். கையில் ஆதாரத்தோடு உன் முன்னால் வந்து நிற்க எனக்கு நாள் கிடைக்கவில்லை. மெயில் அனுப்பலாம் என்றால் உன் முகவரியையும் கம்பெனி எடுத்துவிட்டது.

அதனால் இங்கே எழுதுகிறேன். நீ பண்ணவில்லை புள்ளே. உன் டெஸ்ட் சரியாகத்தான் இருந்தது. அந்த வரி உன்னுடையது இல்லை.