கிதோனின் கழுதை இன்னும் நிற்கிறது

அன்பு நோகா,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் இருமல் விட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே முதல் மழை இன்னும் வரவில்லை, ஆலிவ் பறித்து முடித்துவிட்டோம், உன் ஜன்னலோர மாதுளை இந்த வருஷம் பூச்சி விழாமல் காய்த்தது. போனிலேயே எல்லாம் சொல்லிவிடலாம்தான், ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா எழுந்து போவதுபோல் போய்க் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறார், அதனால்தான் தாள்.

உன் கட்டுரையை நானே நல்ல நேரம் பார்த்து அவரிடம் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் நம் கூட்டுப் பண்ணைச் செயலாளர் மெனாஷே அதைப் பற்றிய செய்தித்தாள் துண்டைச் சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் ஒட்டிவிட்டான். நம் மேட்டில் தோண்டியெடுத்த பழைய பட்டணத்து வாசலைக் கட்டியது சாலொமோன் அல்ல, ஏறக்குறைய நூறு வருஷம் பிந்திய வேறொரு அரசன் என்று இந்த ஊர்ப் பெண்ணே சொல்கிறாள் என்று தலைப்பு. அப்பா கையில் தட்டோடு நின்றபடியே படித்தார். பின்னால் நின்ற ஷுலா, கிதோன், இனிமே சுற்றுலாக்காரங்ககிட்ட என்ன சொல்லுவே, வாசல் இருக்கு ராஜாவைத்தான் காணோம்னா, என்று கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து முழுக் கட்டுரையையும் வாங்கிப் படித்துவிட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் அந்தக் கல்லு மேல முதல்ல ஏறினா, என்று மட்டும் சொன்னார்.

நீ எழுதியது தப்பென்று நான் சொல்லவில்லை. நானும் அந்தக் குழிகளில் பானைத் துண்டு கழுவினவள்தானே. தினமும் காலையில், தோண்டலை நடத்திய பேராசிரியர் குழி விளிம்பில் நின்று வேதத்தின் இராஜாக்கள் புத்தகத்திலிருந்து சாலொமோன் பட்டணங்களைக் கட்டிய வசனத்தை வாசிப்பார், அதற்குப் பிறகுதான் நாங்கள் மண்வெட்டியைத் தொடுவோம். சுவர் சீக்கிரம் தெரியவேண்டும் என்று சுவரை ஒட்டியே வெட்டிக்கொண்டு போனோம், அதனால் எந்தப் பழைய தரைத் தளம் எந்தச் சுவரோடு சேர்ந்தது என்பதே அறுந்துபோயிற்று. பிறகு வசனத்தை வைத்து வாசலுக்கு வயது சொன்னோம், வாசலைக் காட்டி வசனம் உண்மை என்றோம். அப்போது அது யாருக்கும் உறுத்தவில்லை நோகா, பொய் சொல்கிறோம் என்று ஒருவரும் நினைக்கவில்லை, அவ்வளவு ஆசையாக இருந்தது. இப்போது நீங்களெல்லாம் முதலில் மண்ணைக் கேட்கிறீர்கள், அப்புறம் புத்தகத்தை எடுத்து இதை யார், எந்தக் காலத்தில், எதற்காக எழுதினார்கள் என்று கேட்கிறீர்கள். எனக்கு அது புரிகிறது. ஆனால் வசனத்தைக் கேட்டபடி வெட்டிய கைகளுக்கும் இப்போது வயதாகிவிட்டது என்பதையும் நீ கணக்கில் வைக்கவேண்டும்.

இப்போது கழுதை விஷயம். வாசலின் வடக்கு அறையில் அப்பா வெட்டாமல் விட்ட அந்த மண்சுவர் இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்கிறது என்று, சின்ன வயதில் நீதானே அதற்குக் கிதோனின் கழுதை என்று பெயர் வைத்தாய். தளமும் வாசல் சுவரும் ஒட்டிக்கொண்டிருப்பது அங்கே மட்டும்தான். படம் எடுக்க அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்று பேராசிரியர் கத்தியபோதுகூட அவர் விடவில்லை. தளத்துக்கு அடியில் கருகிய தானியம் இருக்கிறது, அதன் வயதைச் சோதித்தால்தான் என் கணக்கு நிற்குமா விழுமா என்று தெரியும், வசந்தத்தில் நான் வரும்வரை அதைத் தொடவிடாதே அம்மா என்று நீ எழுதியிருந்தாய். நீ எழுதிய வாரமே மெனாஷே, பார்வையாளர் நடைபாதை அந்த வழியாகத்தான், வியாழக்கிழமை மண் தோண்டும் இயந்திரம் வருகிறது என்று சொல்லிவிட்டான். அதோடு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, அது போயிட்டா உன் மகளால ஒண்ணையும் நிரூபிக்க முடியாது கிதோன், வாசல் எப்பவும் சாலொமோனோடதுதான், உனக்கும் நிம்மதி எங்களுக்கும் நிம்மதி, என்றிருக்கிறான். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் நான் உன் பேச்சை எடுத்தேன். என் கழுதையைக் கொண்டே என்னை உதைக்கப் பாக்கறா, என்று எழுந்து போய்விட்டார்.

வியாழன் விடியும்போது படுக்கையில் அவர் இல்லை. நான் மேட்டுக்கு ஓடினேன். கழுதையின் மேலிருந்த தகரத்தை எடுத்துக் கீழே போட்டிருந்தார், கையில் மண்வெட்டி. அவரே இடிக்கப்போகிறார் என்று நினைத்துவிட்டேன். பார்த்தால் கிழிந்த மணல் மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் புதுசு அடுக்கிக்கொண்டிருந்தார். தகரத்தைத் திரும்பப் போட்டு முன்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இயந்திரம் வந்தது, மெனாஷேயும் வந்தான், மகள் பக்கம் சாஞ்சிட்டியா, என்று கத்தினான். நான் யார் பக்கமும் சாயல, அவ சொல்றது தப்புன்னுதான் இப்பவும் நினைக்கிறேன், என்றார் அப்பா. வந்து என் கண்ணு முன்னால தோண்டட்டும், தெரியாமலே நான் ஜெயிக்க வேண்டாம், என்றார். ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டு சிகரெட் பற்றவைத்துக்கொண்டான்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதே. கழுதையை எடுப்பதா விடுவதா என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் ஓட்டெடுப்பு வைக்கிறான் மெனாஷே, பாதிப் பேர் அப்பாவோடு பேசுவதில்லை, சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் தனி மேஜையில்தான். அவர் தினமும் மேட்டுக்குப் போய் உட்காருகிறார். பஸ்கா பண்டிகைக்கு முன்னால் எப்படியாவது வந்துவிடு, விடுப்பு தரமாட்டார்கள் என்று சொல்லாதே.

இன்னொன்று. கட்டுரையின் கடைசிப் பக்கத்தை அவர் திரும்பத் திரும்பப் படிக்கிறார். பேராசிரியரின் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறாய், கழுதை வரும் இடத்தில் மட்டும் தோண்டியவர்களில் ஒருவர் விட்டுவைத்த மண்சுவர் என்று போட்டிருக்கிறாய். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, ஒருவர், என்றார். சாலொமோன் போனது அவரை இவ்வளவு சுடவில்லை.

தேவன் உன்னைக் காத்து, போகும்போதும் வரும்போதும் கூட இருப்பாராக. கம்பளிச் சட்டையைத் தோய்த்துக் கொண்டுவா. தானியம் என்ன சொன்னாலும் சரி, அடுத்த முறை எழுதும்போது அப்பாவின் பெயரை எழுது.

உன் அம்மா,
அட்டாரா